லோத்குண்டா வீட்டுக்கு மூன்று கோடி

ஸ்ரீரங்கம்
10 ஜூன் 2024

அண்ணாவுக்கு நீலா நமஸ்காரம். நான் நலம். இந்த வெயிலில் உங்கள் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பெங்களூரில் மாதவும் குழந்தைகளும் சௌக்கியம்தானே?

போன் இருக்கும்போது எதற்கு ஸ்பீட் போஸ்ட் என்று கேட்பீர்கள். போனில் என்னுடைய இரண்டாவது வாக்கியத்தை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதினால், கிழித்துப் போடுவதற்கு முன்பாவது முழுக்கப் படித்துவிடுவீர்கள்.

விஷயம் இதுதான். லோத்குண்டா வீட்டை விற்றுவிடலாம். அப்பா அதை நம் இருவர் பெயரிலும் எழுதி வைத்தார். இதுவரை நான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மன்னி போன நாளிலிருந்து, வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளை மாதவோடு போய் இருக்கப்போகிறேன் என்று நீங்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். சொன்னதைச் செய்துவிடலாம். எனக்கு என் பாதி தேவைப்படுகிறது. தசராவுக்குள் முடிந்தால் நல்லது.

விலையை மட்டும் யோசித்துப் போடுங்கள். சீக்கிரம் விற்க வேண்டிய வீட்டுக்கு முதல் நாள் சொல்கிற விலைதான் எல்லாம். நான் சிலரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சரி என்றால் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பதிலை இந்த முகவரிக்கே அனுப்புங்கள். என் பழைய சிநேகிதி மங்களத்தின் வீட்டு மாடியில் இருக்கிறேன்.

உங்கள் தங்கை,
நீலா


லோத்குண்டா, செகந்திராபாத்
19 ஜூன் 2024

சௌபாக்கியவதி நீலாவுக்கு சீதாராமன் ஆசீர்வாதம். க்ஷேமம். முழங்கால் என்னை விட்டுப் போவதாக இல்லை, நானும் அதைப் பொருட்படுத்துவதாக இல்லை. மாப்பிள்ளை விஸ்வநாத் சௌக்கியமா? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அவரைச் சென்னையில் தனியே விட்டுவிட்டு உனக்கு ஸ்ரீரங்கத்தில் என்ன வேலை?

வீட்டை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விலையைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று படித்ததும் காபி புரையேறிவிட்டது. நான் முப்பத்துநாலு வருஷம் மத்திய அரசு நிறுவனத்தில் கொள்முதல் பார்த்தவன். ராடார் பாகத்துக்கு விலை பேசியவனுக்கு ஒரு வீட்டுக்கு விலை பேச வராதா? நீ கீரைக்காரியிடம் பேரம் பேசியே அரை மணி நேரம் தோற்பவள். யாரிடம் விசாரிக்கிறாய்? மங்களத்திடமா?

நம் வீடு நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா நின்று கட்டியது. பர்மாத் தேக்கு ஜன்னல். மூன்று பக்கம் காற்று. பின்சுவருக்கு அப்பால் ராணுவ நிலம், ஆயுளுக்கும் எவனும் மாடி கட்டி வெளிச்சத்தை மறைக்க முடியாது. மெயின் ரோட்டில் பஞ்சாப்காரன் ஒருவனின் வீடு மூன்று கோடிக்குப் போயிற்று. அந்த வீட்டை வீடு என்று சொன்னால் வெட்கம். ஆகவே நம் விலை மூன்று கோடி. ஒரு பைசா குறையாது. பேப்பரிலும் இன்டர்நெட்டிலும் விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. மணிவண்ணன் என்று ஒரு புரோக்கரையும் பிடித்திருக்கிறேன். கையில் இரண்டு போன், இரண்டிலும் பொய்.

மாப்பிள்ளையைக் கேட்டுப் பார். பாங்கில் ஜெனரல் மானேஜராக இருந்தவர். விலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

ஆசீர்வாதங்களுடன்,
சீதாராமன்


ஸ்ரீரங்கம்
2 ஜூலை 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். கடிதம் கிடைத்தது. நானும் மங்களமும் நலம். இங்கே இரண்டு நாளாக மழை.

நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதத்துக்கு மதிப்புப் போட்டவள். எரிந்த குடோனுக்குச் சொந்தக்காரர் அது எவ்வளவு அழகான குடோன் என்று சொல்லி அழுவார். நான் அளந்து பார்த்து எழுதுவேன். நீங்கள் இப்போது அந்தக் குடோன்காரர் மாதிரிதான் பேசுகிறீர்கள்.

வீட்டை மறந்துவிட்டு மனையைப் பாருங்கள். நாற்பது வருஷக் கட்டடத்துக்கு யாரும் தனியாகக் காசு தரமாட்டார்கள். தேக்கு ஜன்னல் நமக்குப் பெருமை, வாங்குகிறவருக்குக் கழற்றுகிற செலவு. பின்னால் ராணுவ நிலம் என்று சந்தோஷப்படுகிறீர்கள். அதன் பக்கத்தில் மாடி மேல் மாடி எழுப்ப ராணுவத்தின் சம்மதம் வேண்டும் என்று ஹைதராபாத்தில் எல்லா பில்டருக்கும் தெரியும். அதனால் எந்த பில்டரும் வரமாட்டான். குடியிருக்க வருகிறவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு மெயின் ரோட்டு விலையைச் சொல்வது அபத்தம்.

இரண்டு வீடு தள்ளி மேஜர் வீடு, நம் அளவு மனைதான், மார்ச் மாதம் இரண்டு கோடி பத்து லட்சத்துக்கு முடிந்தது. மேஜரின் மகளுக்குப் போன் செய்தேன், சொன்னாள். நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், கேட்கத் தோன்றவில்லை.

முதல் மூன்று வாரத்தில் வருகிறவர்கள்தான் நிஜமாக வாங்க வருகிறவர்கள். ஏற்கெனவே பத்து வீடு பார்த்திருப்பார்கள், விலை தெரியும். மூன்று கோடி என்று கேட்டால் பேரம்கூடப் பேசாமல் திரும்பிவிடுவார்கள். பிறகு நீங்கள் மாதம் ஐந்து லட்சமாகக் குறைத்துக்கொண்டே போனால், இவ்வளவு நாள் விற்கவில்லையே, என்ன வில்லங்கமோ என்று எல்லாரும் ஒதுங்குவார்கள். இரண்டு கோடி இருபது என்று போடுங்கள். ஒரே வாரத்தில் நாலு பேர் வருவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் அவர்களே விலையைத் தாங்கிப் பிடிப்பார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

நீலா


லோத்குண்டா
28 ஜூலை 2024

சௌபாக்கியவதி நீலாவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்டதற்கு நீ ஒரு வரி எழுதவில்லை. பெரிய மதிப்பீட்டாளர் என்பதால் மறந்திருப்பாய்.

வீடு பார்க்க வந்த பிரகிருதிகளைப் பற்றி எழுதுகிறேன், சிரித்துவிட்டுப் போ. முதலில் ஒரு சாப்ட்வேர் ஜோடி. பூஜை அறையில் செருப்போடு நின்று இங்கே வைஃபை வருமா என்று அந்தப் பெண் கேட்டாள். பையன் ஹால் தரையில் கோலிக்குண்டை உருட்டி விட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தான். அவன் பிறப்பதற்கு முன்பே மட்டம் பார்த்துப் போட்ட தரை. அடுத்தது ஆல்வாலில் சீட்டு நடத்துகிற ஒருவன். கை நிறைய மோதிரம். பாதி வெள்ளை பாதி கறுப்பு என்றான். நான் சட்டை நிறத்தைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்ததுபோல் நடித்து அனுப்பி வைத்தேன். மற்றவர்கள் கேட்டிலேயே விலையைக் கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை நிறுத்தாமல் போய்விட்டார்கள். வசதியில்லாதவர்கள்.

இவர்களில் ஒருவன் மட்டும் காகிதம் பேனாவோடு வந்தான். பெயர் ஃபெலிக்ஸ். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மானேஜராம். அப்பா உலகநாதன் ரயில்வே பட்டறையில் இருந்தவராம், மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் வளர்ந்த குடும்பம். மனைவி ஷோபா, விதவைத் தாய் லூர்துமேரி, மூவரும் வந்து ஒரு மணி நேரம் பார்த்தார்கள். கடைசியில் அவன் இரண்டு கோடி பதினைந்து என்றான். பாங்க் கடன் தயார், ஒரே மாதத்தில் பதிவு என்றான்.

நான் வாசலைக் காட்டினேன். குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இந்த வீட்டின் விலை புரியாது என்றேன். அவன் முகம் எப்படியோ ஆயிற்று. அந்தக் கிழவி மட்டும் என்னை நிதானமாக ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். மணிவண்ணன் வெளியே வந்து, "ஐயோ நக்கோ சார், வேணாம். கைக்கு, ஏன் இப்படிப் பேசறீங்க? நல்ல பார்ட்டி" என்று ஹைதராபாத் இந்தி கலந்து புலம்பினான். அவனுக்கு கமிஷன் போன கவலை.

மூன்று கோடிக்கு வருகிறவன் வருவான்.

சீதாராமன்


ஸ்ரீரங்கம்
5 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஃபெலிக்ஸைக் கூப்பிடுங்கள். இன்றைக்கே. முதலில் வருகிற நல்ல விலைதான் பெரும்பாலும் கடைசி நல்ல விலையாகவும் இருக்கும். மேஜர் வீட்டைவிட அவர் ஐந்து லட்சம் அதிகம் சொல்லியிருக்கிறார். அவருக்கு நீங்கள் கொடுத்த பதிலைப் படித்தபோது, இவருக்குக் கூடப் பிறந்தோமே என்று கூசியது.

மன்னிப்புக் கேட்க வராது என்றால் மணிவண்ணனை விட்டுப் பேசச் சொல்லுங்கள். எனக்கு நாள் இல்லை.

நீலா


லோத்குண்டா
20 செப்டம்பர் 2024

சௌபாக்கியவதி நீலாவுக்கு ஆசீர்வாதம். பதில் தாமதம். கணபதி ஊர்வலச் சத்தத்தில் பத்து நாள் எதையும் யோசிக்க முடியவில்லை. உடம்பு பரவாயில்லை.

விலை மூன்று கோடிதான். தீபாவளி வரை அப்படியே இருக்கட்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். உனக்கு ஏன் இத்தனை அவசரம்? ஐம்பத்தேழு வயதில் ஒரு பெண்மணி நிதானமாக இருக்க வேண்டும். கையில் ரொக்கம் வந்தால் சில பேருக்குப் புத்தி தடுமாறும். காலம் போனால் எதுவும் தானே சரியாகும். நீயும் சரியாகிவிடுவாய்.

போன மாதம் ஒருவரும் வரவில்லை. மழைக்காலம், அதுதான் காரணம்.

மங்களத்துக்கு எத்தனை நாள் பாரமாக இருப்பாய்? யோசி.

சீதாராமன்


ஸ்ரீரங்கம்
1 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். நான் நலம். உங்கள் நலம் இந்தத் தடவை கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்த குரல் உங்களுடையது அல்ல. உங்களுக்குத் திட்டத் தெரியும், உபதேசம் செய்யத் தெரியாது. அதனால் மணிவண்ணனுக்குப் போன் செய்தேன். பாவம், அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. "ஆகஸ்ட்ல சாரோட மச்சான் சென்னைலேர்ந்து சாருக்குப் போன் பண்ணாரும்மா. தீவாளி வரைக்கும் மூணுலேயே வெச்சிருங்க, வீடு வித்துடக் கூடாதுன்னாரு" என்றார். ஆக, உங்களுக்கு ஆகஸ்டிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் சௌபாக்கியவதி என்று எழுதினீர்கள். இனிமேல் அப்படி எழுத வேண்டாம்.

ஆமாம், மே மாதம் விஸ்வநாத்தை விட்டு வந்துவிட்டேன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. நீங்கள் கேட்கப்போகும் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். ரிடையர் ஆன பிறகு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் உப்புப் போடும்போது, போன் பேசும்போது, பேப்பர் படிக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. நான் வேலையை விட்டபோது வந்த பணம்கூட அவர் பெயரில்தான் இருக்கிறது. கேட்டால் அதற்கும் அதே சிரிப்பு. மெல்போர்னிலிருந்து ஸ்ரேயாவே சொன்னாள், அம்மா, நீ கிளம்பிவிடு என்று.

அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? சாப்பாட்டுப் பந்தியில் நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "விடுங்கோ, கிரைண்டர் ஓடறது, தானே நிக்கும்" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. நீங்கள் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து எல்லாரையும்விட உரக்கச் சிரித்தீர்கள். நான் அன்று நிறுத்தினேன். பிறகு பேசவில்லை.

கையில் காசில்லாமல் நான் திரும்பிப் போவேன் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குக்குத்தான் நீங்கள் மூன்று கோடி என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். அது விலை அல்ல, பூட்டு. ராடாருக்கு விலை பேசியவரை ஒரு போனில் வாங்கிவிட்டார், அதுவும் இலவசமாக. உங்கள் விலை இவ்வளவுதான் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நான் திரும்பிப் போக மாட்டேன். மங்களத்தின் மாடியில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன், பத்துப் பெண்கள் வருகிறார்கள். நீங்கள் எவ்வளவு காலம் பூட்டி வைக்கிறீர்களோ வையுங்கள்.

நீலா


லோத்குண்டா
24 நவம்பர் 2024

நீலாவுக்கு,

உன் கடிதத்தை அப்படியே மேஜையில் வைத்திருந்தேன். பதில் எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அதற்குள் தீபாவளிக்கு விஸ்வநாத் வந்து சேர்ந்தார். ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வந்த அன்றைக்கு நான் போட்ட காபியைக் கீழே வைத்துவிட்டு, டிகாக்‌ஷன் இறக்குவது எப்படி என்று சொன்னார். மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் சோபா இடம் மாறியிருந்தது. நான் உட்காருகிற நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பேப்பரைப் படித்துவிட்டு எனக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்தார். போகட்டும், விருந்தாளி என்று இருந்தேன்.

தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் மணிவண்ணன் ஒரு டாக்டரையும் அவர் அண்ணனையும் அழைத்து வந்தான். மாசக்கணக்கில் வந்த ஒரே பார்ட்டி. அவர்கள் என்னைக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விஸ்வநாத்தான் பதில் சொன்னார். பாதி உங்கள் சகோதரி பெயரில் இருக்கிறதே, கையெழுத்துப் போட வருவார்களா என்று டாக்டர் கேட்டார். "அவ கையெழுத்துதானே? விரலைக் காட்டின எடத்துல போடுவா" என்றார் உன் கணவர். நான் குறுக்கே புகுந்து, போர்வெல் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது என்று டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் டாக்டரின் தோளில் தட்டி, "விடுங்கோ, கிரைண்டர் ஓடறது, தானே நிக்கும்" என்றார்.

டாக்டர் சிரித்தார். அவர் அண்ணன் சிரித்தார். மணிவண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று, நீலா. அறுபத்தாறு வயதில், என் வீட்டு ஹாலில், அடுத்த வார்த்தை வரவில்லை. அந்த மனிதரிடம் மொத்தமே ஒரு ஹாஸ்யம்தான் கைவசம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஜெனரல் மானேஜராகக் காலம் தள்ளியிருக்கிறார்.

அவர்கள் போன பிறகு, மூன்று கோடிக்கு ஒருவனும் மசியவில்லையே என்றேன். "மூணு கோடிக்கு யார் வாங்குவா? நான் சொன்னேன்னு நீங்க நெஜமாவே அந்த விலையை நம்பிண்டு இருந்தேளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்தச் சிரிப்பைச் சிரித்தார். நீ எழுதியிருந்தாயே, அதுதான். நான் போன் செய்து டாக்ஸி வரவழைத்தேன். சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றார். ஸ்டேஷனில் நிறைய நாற்காலி இருக்கிறது, எது வேண்டுமோ அதில் உட்காருங்கள் என்றேன்.

அடுத்த நாள் மணிவண்ணனை அழைத்துக்கொண்டு மெட்டுகுடா போனேன். ஃபெலிக்ஸுக்குப் போன் செய்தால் எடுக்கமாட்டான் என்று அவன்தான் சொன்னான். லூர்துமேரி கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உள்ளே உட்காரவைத்து காபி கொண்டுவந்தார். "குடிங்க. எங்க குழாய்த் தண்ணிதான்" என்றார். குடித்தேன். நல்ல காபி. ஃபெலிக்ஸ் வேலையிலிருந்து வரும்வரை அந்த அம்மா என் எதிரிலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்தார்.

ஃபெலிக்ஸ் வந்து, ஷூவைக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டான். இரண்டு கோடி பதினைந்துக்குச் சம்மதம் என்றேன். "சார், அது ஜூலை மாச விலை. இன்னிக்கு ரெண்டு கோடி அஞ்சு. யோசிச்சிட்டு நாளைக்கு வந்தீங்கன்னா ரெண்டு" என்றான். ஷோபா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இவன் முகத்தில் அசைவே இல்லை. கொள்முதல் பிரிவில் இவனைப்போல் ஒருவன் எனக்குக் கீழே இருந்திருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கும்.

இரண்டு கோடி ஐந்துக்கு முடித்துவிட்டேன். ஜனவரி முதல் வாரம் பதிவு. குறைந்த பத்து லட்சம் என் வாய்க்கு ஆன செலவு. அது என் பாதியிலிருந்து போகும். உன் பாதி ஜூலை மாசக் கணக்குப்படியே வரும். இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஆள் ஜெயிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்துக்கு வா. யாரும் விரலைக் காட்ட மாட்டார்கள்.

சீதாராமன்


ஸ்ரீரங்கம்
2 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். நலம். முழங்காலோடு மெட்டுகுடா மாடிப்படி ஏறினீர்களா?

உங்கள் பாதியிலிருந்து கொடுப்பதை எடுத்துக்கொள்கிறேன். நன்றி சொல்ல மாட்டேன். மறுத்துவிடுவேன் என்று எதிர்பார்த்துத்தான் எழுதினீர்கள் என்றால் ஏமாந்தீர்கள்.

விலையைச் சரியாக வைத்திருந்தால் ஆகஸ்டிலேயே முடிந்திருக்கும், நீங்கள் அந்த ஒரு வாரத்தை அனுபவித்திருக்க வேண்டாம். அனுபவித்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஜனவரியில் வருகிறேன். வீட்டைக் காலி செய்துவிட்டு நீங்கள் நேரே மாதவிடம் போகிறீர்களா? அதை எழுதவில்லையே.

நீலா


லோத்குண்டா
26 ஜனவரி 2025

நீலாவுக்கு ஆசீர்வாதம். ஊர் போய்ச் சேர்ந்ததற்கு மங்களம் அனுப்பிய செய்தி பார்த்தேன். பதிவு அலுவலகத்தில் நீ ஒவ்வொரு பக்கத்தையும் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில் அந்த குமாஸ்தாவுக்கு மதியச் சாப்பாடு போயிற்று. ஃபெலிக்ஸ் மட்டும் பொறுமையாக நின்றான்.

மேலே அதே லோத்குண்டாதான் எழுதியிருக்கிறேன், கவனி. அடுத்த தெருவில் கீழ்த்தளத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மாதவ் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம். ஏப்ரலில் பார்க்கலாம் என்றான். போன ஏப்ரலிலும் பெயிண்ட்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது, ஆகையால் சௌகரியம்தான்.

ஃபெலிக்ஸ் ஜன்னல்களைக் கழற்றவில்லை. கேட்டதற்கு, நல்ல மரம் சார் என்றான். பழைய வீட்டுக்கு எனக்கு வருகிற தபாலை லூர்துமேரி எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் முடிந்து போகும்போது கொடுத்துவிட்டுப் போகிறார். தபாலைக் கையில் வைத்துவிட்டு, போன ஜூலையில் பார்த்த மாதிரியே ஏற இறங்கப் பார்ப்பார், அவ்வளவுதான்.

விஸ்வநாத் போன் செய்தார். எவ்வளவுக்கு முடிந்தது என்று கேட்டார். மூன்று கோடி என்றேன். மூன்றா, மூன்றா என்று இரண்டு தடவை கேட்டார். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

பணத்தை என்ன செய்கிறாய்? யாரிடமும் கொடுக்காதே. என்னிடமும்.

சீதாராமன்


திருவானைக்காவல்
18 மார்ச் 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். நான் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது, மத்தியானத்தில் வெளியே போகாதீர்கள். மாதவ் பெயிண்ட் அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு அறைக்குத் தேவையான ஃப்ரிட்ஜை வாங்கிக்கொள்ளுங்கள், சமைத்ததைத் தினமும் வீணாக்குகிறீர்கள் என்று மணிவண்ணன் சொன்னார். அவர் அவ்வப்போது என்னோடு பேசுகிறார். இரண்டு போனிலும் நிஜம்தான் பேசுகிறார்.

ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிவிட்டேன். ஒரு படுக்கையறை, முதல் மாடி, கோபுரம் தெரியாது, தெரிந்தால் விலை ஏற்றுவார்கள். சொந்தக்காரர் உறையூரில் ஜவுளி வியாபாரி. ஐம்பத்தெட்டு லட்சம் சொன்னார். உங்களைப்போலவே டைல்ஸைக் காட்டினார், சமையலறை மேடைக்கு ராஜஸ்தானிலிருந்து கல் வந்த கதையைச் சொன்னார், அவர் மகள் அங்கே பிறந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டேன். அந்தக் கட்டடத்தில் போன வருஷம் இரண்டு ஃப்ளாட் என்ன விலைக்குப் போயின என்று எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அவர் வீடு விற்காமல் கிடப்பதும் தெரியும். நாற்பத்தொன்பது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவர்தான் பேசிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்து என்றார், ஐம்பத்திரண்டு என்றார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அலுத்துப்போய், "நீங்க எதுக்கும்மா கஷ்டப்படறீங்க? நாளைக்கு வீட்டுக்காரரை வரச்சொல்லுங்க. ஆம்பளைங்க உக்காந்து பேசினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றார்.

"வீட்டுக்காரர் நான்தான். நாப்பத்தொம்போது" என்றேன்.

நேற்று அந்த விலைக்கே பதிவாயிற்று.

நீலா